மிச்சம்

நாங்கள் இருக்கிற இடத்துக்குப் பெயர் மிச்சம்.
ஆங்கிலத்தில் அதற்கு வேறு ஏதோ பொருள்.
தமிழில் எழுதினால் இப்படித்தான் வருகிறது,
நான் என்ன செய்ய.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு
பெட்ரோல் நிலையத்திலிருந்து இவர் வருவார்,
இரவு முழுக்க ஒரு சின்னத் துவாரத்தால்
சிகரெட்டும் சில்லறையும் நீட்டிய கையோடு.
சப்பாத்தைக் கழற்ற விடமாட்டேன்.
கழற்றினால் நித்திரை.
பிள்ளைகளுக்கு ஜக்கெட்டை மாட்டி
அப்படியே நடத்திக்கொண்டு போவேன்
ட்ராம் நிறுத்தத்துக்கு இந்தப் பக்கம்,
நெவினின் கடைக்கு.

ஐந்து மேசை. தரையோடு பூட்டிய கதிரைகள்.
கதவைத் திறந்ததும் ஒரு எண்ணெய் வெக்கை வந்து
என் மூக்குக்கண்ணாடியை மூடும்.
துடைக்கும் வரை
எல்லாரும் கொஞ்சம் அழகாக இருப்பார்கள்.

நெவின் சைப்ரஸ்காரி.
பெயர் கேட்கமாட்டாள், இலக்கம்தான்.
நாலு என்றால் இரண்டு முட்டை, பீன்ஸ், காளான்,
பாதி வதங்கிய தக்காளி,
முக்கோணமாய் வெட்டிய டோஸ்ட்,
செங்கல் நிறத்தில் ஒரு மக் தேத்தண்ணி.
சொசேஜ் வேண்டாம் என்று
இப்போதெல்லாம் சொல்லத் தேவையில்லை.

இவருக்கு இது இரவுச் சாப்பாடு.
பிள்ளைகளுக்குக் காலை.
எனக்கு, கிழமையில்
நான் சமைக்காத ஒன்றே ஒன்று.

எட்டு மணிக்குக் கெங்காதரனும் சுபாஜினியும் வருவார்கள்,
பொடியன் பின்னால் போனைப் பார்த்தபடி.
சுபாஜினியின் கைப்பையில் ஒரு விக்ஸ் போத்தல்,
உள்ளே மிளகாய்த்தூள்.
மேசைக்குக் கீழே கை மாறும்.
நெவின் ஒருநாள் கண்டுபிடித்தாள்.
தன் முட்டையிலும் கொஞ்சம் தூவச் சொன்னாள்,
இருமினாள், கண் துடைத்தாள்,
இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

இன்றைக்குக் கெங்காதரன் சொன்னார்:
"எனக்கு ஒண்டாம் இலக்கம்."
ஒரு முட்டை, ஒரு டோஸ்ட்.
"வயிறு சரியில்லை."
சுபாஜினியும் ஒன்று.
பொடியனுக்கு மட்டும் நாலு.

புதன்கிழமை அவள் எனக்கு எடுத்திருந்தாள்.
குரோய்டன் களஞ்சியத்தில் ஆட்குறைப்பு.
"உம்மட மனிசனிட்டச் சொல்லிப்போடாதையும்,
இவருக்குத் தெரிஞ்சா வெக்கப்படுவார்."
நான் சொல்லவில்லை.
கெங்காதரன் புது ஃபோர்க்லிஃப்ட்டைப் பற்றிக் கதைத்தார்,
சரியான வேலை, மூச்சுவிட நேரமில்லையாம்.
நான் பீன்ஸை எண்ணினேன்.

பில் வரும் நேரம் எங்களுக்குள் சண்டை வழமை.
கையைப் பிடிப்பது, பொக்கற்றுக்குள் திணிப்பது.
போன மாரியில் இருபது பவுண் தாள்
இரண்டாய்க் கிழிந்தது;
நெவின்தான் டேப் ஒட்டினாள்.
இவருடைய உத்தி, கழிவறைக்குப் போகிற மாதிரி எழும்புவது.

இன்றைக்கும் எழும்பினார்.
நான் மேசைக்குக் கீழே
அவருடைய சப்பாத்தை மிதித்தேன்.
பலமாக.

என்னைப் பார்த்தார்.
சுபாஜினியின் தட்டைப் பார்த்தார்,
டோஸ்டின் ஓரத்தைக்கூட விடாமல் தின்றிருந்தாள்.
இருந்தார்.
"இன்னொரு தேத்தண்ணி குடிப்பம்" என்றார்.

கெங்காதரன் எழும்பிப் போய் எண்ணிக் கொடுத்தார்.
திரும்பி வரும்போது
முதுகு நேராய் இருந்தது.
"இண்டைக்கு நான் வெண்டிட்டன்!"
இவர் மேசையில் அடித்துக் கத்தினார்,
"சீ, விடமாட்டன், அடுத்த கிழமை பாரும்!"
இதைவிட மோசமான நடிப்பை
நான் எந்தக் கோயில் மேடையிலும் பார்த்ததில்லை.
என் சின்னவள் கேட்டாள்,
"அப்பா, நீங்கள் ஏன் ஓடேல்லை?"
நல்லவேளை, வாயில் முட்டை.
ஒருவருக்கும் விளங்கவில்லை.

நெவின் சின்னத் தட்டில் சில்லறை கொண்டுவந்தாள்.
கெங்காதரன் பார்க்காமலே கையை அசைத்தார்,
வைத்துக்கொள் என்று.
மூன்று நாணயம்.
சுபாஜினியின் விரல் ஒருமுறை அசைந்து
கோப்பையைப் பிடித்துக்கொண்டது.

வெளியே ட்ராம் போகும் வரை
இவர் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, "எப்ப இருந்து?"
"பதினெட்டு நாள்."

வீட்டில் கதிரையில் இருந்தபடியே தூங்கிவிட்டார்.
சப்பாத்தை நான்தான் கழற்றினேன்.
இடது காலில் என் அடி
தூசியில் அப்படியே கிடந்தது.